அதோ அப்பா வருகிறார் (ஓவியம்)

ராஜா ரவி வர்மா (1848–1906) 1893இல் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம். கைக்குழந்தையுடன் நிற்கும் இளம்பெண்ணைக் காட்டுகிறது. மாதிரியாக நின்றவர் ஓவியரின் மகள் மகாபிரபா. குழந்தை, அவருடைய மகன் மார்த்தாண்ட வர்மா. இருவரும் படத்தின் இடப்பக்கம் பார்க்கிறார்கள். அருகிலுள்ள நாயின் பார்வையும் அங்கேதான். வருகிற தந்தையோ படத்தில் இல்லை.

மகாபிரபா மாவேலிக்கரை அரச குடும்பத்தவர். ஆனாலும் உடுத்தியிருப்பது மலையாள நாட்டு வீடுகளில் பெண்கள் அணியும் வெள்ளை முண்டும் மேல்துணியும்தான். ரவி வர்மாவின் லட்சுமி, சரஸ்வதி படங்களில் உள்ள பட்டுப் பகட்டு இங்கே இல்லை. இந்த எளிமையே ஓவியத்தின் பெரும் பலம்: பார்ப்பவர் கண் உடையில் தங்காமல் முகத்துக்கும், முகம் திரும்பிய திசைக்கும் செல்கிறது.

அக்காலத் திருவிதாங்கூரில் நாயர் குடும்பங்களிலும் அரச குடும்பங்களிலும் மருமக்கள்தாயம் என்னும் தாய்வழி முறையே வழக்கு. பிள்ளைகள் தாய்வீட்டுக்கு உரியவர்கள். குடும்பத் தலைமை தாய்மாமனுடையது. அத்தகைய வீட்டில் தந்தையின் வரவுக்காகக் காத்திருக்கும் தாயையும் சேயையும் வரைந்ததால், தாய்வழி முறையின் தளர்ச்சியை இப்படம் காட்டுவதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அண்டையில் பிரிட்டிஷார் ஆண்ட மலபாரில், இத்தகைய குடும்பங்களின் மண உறவுக்கான மலபார் திருமணச் சட்டம் வந்தது 1896இல், படம் வரையப்பட்ட மூன்றாண்டுகளில்.

ரவி வர்மாவின் கலைக்குப் பின்னால் தமிழ் ஓவியர்களும் இருந்தனர். மதுரை ஓவியர்களின் கைத்திறன் வெகுகாலம் முன்பே திருவிதாங்கூருக்குப் போயிருந்தது. சுவாதித் திருநாள் (ஆட்சி 1829–1846) அரசவையில் மதுரை அழகிரி நாயுடு புகழ்பெற்றிருந்தார். அவரிடம் பயின்ற ராஜராஜ வர்மாவே ரவி வர்மாவின் தாய்மாமனும் முதல் ஆசானும். எண்ணெய் வண்ண நுட்பத்தை அரசவை ஓவியர் இராமசாமி நாயக்கர் கற்றுத்தர மறுத்ததாகவும், அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை மறைவாகக் கற்பித்ததாகவும் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. இந்தத் தமிழ்க் கொடை போதிய அளவு பேசப்படுவதில்லை.

1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சிக்கு ரவி வர்மா அனுப்பிய பத்து ஓவியங்களில் இதுவும் ஒன்று. அத்தொகுதி பதக்கம் பெற்றது. மகாபிரபாவின் மகள் சேது லட்சுமி பாய் 1900இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குத் தத்தெடுக்கப்பட்டு, 1924 முதல் 1931 வரை ஆட்சிப் பொறுப்பாளராக இருந்தார். ஓவியம் திருவனந்தபுரம் கவடியார் அரண்மனையில் உள்ளது.