வடுவோடு வருபவர்கள்: ஸ்காட்லாந்தின் பெண்கள் சிறைகளும் மறுவாழ்வின் எல்லையும்

ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகரை ஒட்டி, கார்ன்டன் வேல் என்னும் பெண்கள் சிறை 1975இல் திறக்கப்பட்டது. அன்றைய அளவுகோலில் அது முற்போக்கான சிறை. நீண்ட தாழ்வாரங்களில் வரிசை வரிசையாக அறைகள் என்ற பழைய அமைப்பைக் கைவிட்டு, ஒரு சில பெண்கள் குடும்பம்போல ஒன்றாக வாழும் சிறு அலகுகளாக அதைக் கட்டினார்கள். அந்தச் சிறையை ஆராய்ந்து குற்றவியலாளர் பாட் கார்லன் 1983இல் ஒரு நூல் வெளியிட்டார். குழு சிறிதாக இருந்ததாலேயே அங்கிருந்த பெண்கள் ஓயாத கண்காணிப்பில் சிக்கியிருந்தார்கள் என்பதும், அடக்கமான இல்லத்தரசியாக மாற்றுவதே அங்கே சீர்திருத்தம் என்ற பெயரில் நடந்தது என்பதும் அவர் கண்டவை. 1990களின் நடுவில் அடுத்தடுத்துப் பல பெண்கள் அங்கே உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2012இல் எலிஷ் ஆஞ்சியோலினி தலைமையிலான ஆணையம், இந்தச் சிறை இனி எதற்கும் உதவாது என்று தீர்ப்பெழுதியது.

அதே நிலத்தில் 2023இல் புதிய ஸ்டர்லிங் சிறை எழுந்தது. இம்முறை வாக்குறுதியின் பெயர் மனவடு அறிந்த அணுகுமுறை, அதாவது பட்ட கொடுமைகள் மனத்தில் விட்டுச்சென்ற வடுவை உணர்ந்து கைதிகளை நடத்துவது. ஒரே இடத்தில் இரண்டு தலைமுறைகள் கனிவைக் கட்டடமாகக் கட்டிப் பார்த்திருக்கின்றன. சிறைக்குள் மனவடுவைக் கணக்கில் கொள்ளும் மறுவாழ்வு பயன் தரக்கூடியதே. ஆனால் அந்தப் பயனைத் தீர்மானிப்பவை சுவரின் வண்ணமும் பாடநூலும் அல்ல, அன்றாடச் சிறை நடைமுறையும் சிறைக்கு யாரை அனுப்புகிறோம் என்பதும்தான். ஸ்காட்லாந்தின் அனுபவம் காட்டுவது இதைத்தான்.

இந்த அணுகுமுறையின் வேர் மருத்துவத்தில் இருக்கிறது. வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா முதலியோர் 1998இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு, சிறுவயதில் அடியும் பாலியல் கொடுமையும் வீட்டு வன்முறையும் கண்டு வளர்ந்தவர்களிடம் பிற்காலத்தில் குடி, போதை, தற்கொலை முயற்சி, இதயநோய் ஆகியவை கூடுவதைக் காட்டியது. வேல்ஸ் நாட்டின் பார்க் சிறையில் சுமார் 470 ஆண் கைதிகளிடம் இதே கேள்விகளைக் கேட்டபோது, 84 விழுக்காட்டினர் இத்தகைய கொடுமைகளில் ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள். 46 விழுக்காட்டினர் நான்கு அல்லது அதற்கும் மேல். அடிபட்ட பிள்ளை குற்றவாளியாகத்தான் வரும் என்று இதிலிருந்து முடிவுகட்டுவோர் உண்டு. அது அபத்தம். அடிபட்டவர்களில் பெரும்பாலோர் சிறைப்பக்கமே போவதில்லை. சிறைக்கு வந்தவர்களைக் கையாளும்போது இந்த வரலாற்றை மறந்துவிடக்கூடாது என்பதற்கு மட்டுமே இந்த எண்கள் சான்று.

பெண்களின் நிலை இன்னும் கடுமையானது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் டாம் மக்மில்லன் குழுவினர் ஸ்காட்லாந்துச் சிறைகளில் 109 பெண்களைப் பரிசோதித்து 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 78 விழுக்காட்டினருக்குத் தலையில் பலத்த காயம் பட்ட வரலாறு இருந்தது. பலருக்கு அது ஒருமுறை பட்ட அடி அல்ல. ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் விழுந்த அடி. அதற்கு முதன்மையான காரணம் வீட்டு வன்முறை. இதைச் சிறையின் அன்றாடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காலையில் காவலர் மூன்று கட்டளைகளைச் சேர்த்துச் சொல்கிறார். நினைவாற்றல் சிதைந்த பெண் முதலாவதைச் செய்துவிட்டு நிற்கிறாள். பதிவேட்டில் அது கீழ்ப்படியாமை. மாலையில் அவளுக்குச் சலுகை கிடையாது. அவளுடைய மூளைக் காயம் எந்த ஏட்டிலும் ஏறவில்லை, அவளுடைய 'திமிர்' ஏறிவிட்டது.

இத்தகையவர்களுக்காக உருவாக்கப்பட்ட பாடத்திட்டங்களில் பரவலாக அறியப்பட்டவை அமெரிக்க உளவியலாளர் ஸ்டெஃபனி கோவிங்டன் எழுதியவை. பெண்கள் சிறு வட்டமாக அமர்ந்து, கொடுமை உடலையும் எண்ணத்தையும் எப்படி ஆட்டிவைக்கிறது என்று கற்கிறார்கள். பதற்றம் ஏறும்போது தம்மை நிலைப்படுத்திக்கொள்ளும் பயிற்சிகளும் உண்டு. பட்ட கொடுமையை விவரித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சில திட்டங்களை நடத்துபவர்கள் பயிற்சி பெற்ற கைதிகளே. மேல்நாட்டுச் சிறைச் சீர்திருத்தங்களில் உருப்படியான யோசனை என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

பலன் உண்டா? கலிஃபோர்னியாவின் வேலி ஸ்டேட் பெண்கள் சிறையில் 115 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், கோவிங்டன் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 31 விழுக்காட்டினர் விடுதலையான ஓராண்டுக்குள் மீண்டும் சிறைக்கு வந்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது 45 விழுக்காடு. ஆனால் லிசா நஜாவிட்ஸ் வகுத்த வேறொரு திட்டத்தைச் சிறையிலிருந்த 49 பெண்களிடம் சோதித்த 2009ஆம் ஆண்டு ஆய்வில், திட்டத்தில் சேர்ந்தவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் என்ற இரு குழுவினருமே முன்னேறினார்கள். குழுக்களிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டும் சிறிய ஆய்வுகள். ஒரு செய்தி மட்டும் கவனத்துக்குரியது: கலிஃபோர்னியாவில் பலன் கண்ட குழுவினர், விடுதலைக்குப் பிந்தைய பராமரிப்பில் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் தங்கியிருந்தார்கள். வெற்றியில் ஒரு பங்காவது வெளியே காத்திருந்த உதவிக்கு உரியது என்று கருத இடமிருக்கிறது.

வாரத்தில் சில மணி நேரம் வட்டமாக அமர்ந்து பேசிவிட்டு அறைக்குத் திரும்பும் பெண்ணுக்கு மீதி நேரம் முழுவதும் சிறைதான். நள்ளிரவில் தாழ்வாரத்தில் நெருங்கும் காலடி, பூட்டில் சாவி திரும்பும் ஒலி, முகத்தில் விழும் விளக்கொளி: பாதுகாப்புக்காகச் செய்யப்படும் இந்த இரவுச் சோதனை, படுக்கையறைக் கதவு திறப்பதை அஞ்சியே வளர்ந்தவளுக்குப் பழைய கொடுமையின் ஒத்திகை. ஆடை களைந்து சோதிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இங்கிலாந்தின் ஸ்டைல் சிறையில் ஓராண்டுக்குள் ஆறு பெண்கள் இறந்ததையடுத்து, 2007இல் ஜீன் கார்ஸ்டன் 43 பரிந்துரைகள் கொண்ட அறிக்கை அளித்தார். ஆடை களையும் சோதனையை இயன்ற அளவு குறைக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். பெண்களை வழக்கமாகவே முழு ஆடை களைந்து சோதிக்கும் முறை பின்னர் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கைவிடப்பட்டது. அதற்குப் பாடநூல் தேவைப்படவில்லை, பயிற்றுநர் தேவைப்படவில்லை. ஒரு உத்தரவு போதுமானதாக இருந்தது. மறுவாழ்வுத் திட்டங்களின் பட்டியலில் இது இடம்பெறுவதே இல்லை என்பது வேடிக்கை.

மீண்டும் ஸ்காட்லாந்து. கார்ன்டன் வேலுக்கு மாற்றாக இன்வர்கிளைடில் ஒரு பெரிய பெண்கள் சிறை கட்டும் திட்டத்தை அரசு 2015இல் கைவிட்டது. அதற்குப் பதில் 2022இல் கிளாஸ்கோவில் 24 பேருக்கு லிலியஸ் மையமும், டண்டியில் 16 பேருக்கு பெல்லா மையமும் வந்தன. பெண்கள் தாங்களே சமைத்து, வெளியுலகத் தொடர்போடு வாழ்வதற்கான இடங்கள் இவை. துணிச்சலான முடிவு, பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் ஸ்டர்லிங்கின் புதிய சிறை திறந்த சில மாதங்களிலேயே, அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து புகார்கள் கிளம்பின: உள்ளிருந்து வரும் அலறலும் கதவை இடிக்கும் ஓசையும் தூங்கவிடவில்லை என்று. அலறுபவர்கள் எத்தகையவர்களாக இருக்கக்கூடும் என்பதற்கு ஐரோப்பியச் சித்திரவதைத் தடுப்புக் குழுவின் முந்தைய அறிக்கை ஒரு குறிப்பு. 2018இல் கார்ன்டன் வேலுக்குச் சென்ற அக்குழு, கடுமையான மனநோயோடு தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்ட பெண்கள் தனிமைச் சிறையில் கிடப்பதைக் கண்டது. அவர்கள் மருத்துவமனையில் இருக்க வேண்டியவர்கள் என்று அறிக்கை எழுதியது. அத்தகையவர்களை அடைத்து வைத்திருக்கும்வரை, எந்தக் கட்டடக் கலைஞராலும் அந்த அலறலை நிறுத்த முடியாது.

இங்கேதான் கார்லன் போன்றோரின் எதிர்வாதம் வலுவடைகிறது. சிகிச்சை, சீர்திருத்தம் என்று எது வந்தாலும் சிறை அதைத் தன்வயமாக்கித் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளும் என்கிறார் அவர். 'உள்ளே நல்ல சிகிச்சை கிடைக்கிறதே' என்று நம்பும் நீதிபதி ஒரு பெண்ணைக் கூசாமல் சிறைக்கு அனுப்பலாம். வாதம் சரி. அதற்காகத் திட்டங்களையே மூடிவிடு என்றால், இன்றிரவு அந்த அறையில் கிடப்பவளுக்கு என்ன வழி? உள்ளே நடைமுறையைத் திருத்துவதையும் வாசலில் கூட்டத்தைக் குறைப்பதையும் சேர்த்தே செய்தாக வேண்டும்.

இரண்டாவதுதான் பின்தங்கியிருக்கிறது. ஓராண்டும் அதற்குக் குறைவுமான சிறைத்தண்டனைகளைத் தவிர்க்க வேண்டும் என்ற விதி ஸ்காட்லாந்தில் 2019இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் அது தண்டனை விதிக்கும் நீதிமன்றத்துக்கான விதி. விசாரணைக் காவலைத் தொடுவதில்லை. விசாரணைக் கைதியாகச் சில வாரம் வந்துபோகும் பெண்ணால் எந்தத் திட்டத்தையும் முடிக்க இயலாது; அதற்குள் அவளுடைய வீடும் பிள்ளைகளும் கைநழுவிப் போகலாம். லிலியஸ், பெல்லா மையங்களில் மொத்தம் 40 இடங்கள். ஸ்டர்லிங் திறந்த பின்னரும், எடின்பரோ, கிரீனக், போல்மாண்ட் சிறைகளின் பெண்கள் பிரிவுகளில் கைதிகளை அடைப்பது தொடர்ந்தது.