லதூத் முதல் ஒப்புதல் படிவம் வரை

ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இறுதி நோயில் படுத்திருந்தார்கள். இல்லத்தார் அவர்களின் வாயோரமாக மருந்து ஊற்ற முனைந்தனர். அரபியில் இதற்கு லதூத் என்று பெயர். வேண்டாமென்று நபியவர்கள் சைகையால் தடுத்தார்கள். நோயாளிக்கு மருந்தின் மீது இயல்பாக எழும் வெறுப்பு என்று எண்ணி, இல்லத்தார் ஊற்றிவிட்டனர். தெளிவு வந்ததும், தாம் தடுக்கவில்லையா என்று நபியவர்கள் வினவினார்கள். அவ்வேளையில் உடனில்லாத அப்பாஸ் (ரலி) நீங்கலாக, வீட்டிலிருந்த அனைவருக்கும் அதே மருந்தைப் புகட்டச் செய்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது. ஊற்றியவர்கள் பகைவர்கள் அல்லர், அன்பு மிகுந்தவர்கள். இந்த ஹதீஸைப் பாடம் நடத்தும்போதெல்லாம் அவ்விடத்தில் சற்று நின்றுவிடுவேன்.

உஸ்மானியர் ஆட்சியில் சிறுநீர்ப்பைக் கல், குடலிறக்கம் போன்றவற்றுக்கு அறுவை செய்யுமுன், நோயாளியும் மருத்துவரும் காழியின் முன் சென்று சாட்சிகளோடு ஒப்புதலைப் பதிவு செய்த ஆவணங்கள் உள்ளன. நோயாளி இறந்தால் வாரிசுகள் வழக்காடக் கூடாது என்பதே அவற்றின் சாரம். உண்மையைச் சொன்னால், அவை நோயாளியைவிட மருத்துவரையே அதிகம் காத்தன.

நம் நாட்டில் சமிரா கோஹ்லி வழக்கு முக்கியமானது. 1995இல் டெல்லியில் 44 வயதுப் பெண்ணொருவர் நோயறியும் சோதனைக்கு ஒப்புதல் தந்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயாரின் சம்மதத்தைப் பெற்றுக் கருப்பையை அகற்றிவிட்டனர். நோயாளியின் நலன் கருதியே மருத்துவர் செய்தார் என்பதை உச்ச நீதிமன்றம் மறுக்கவில்லை. எனினும், சோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்குப் பொருந்தாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சிகிச்சையின் தன்மை, மாற்று வழி, ஆபத்து ஆகியவற்றை விளக்கி நோயாளியிடமே கேட்க வேண்டும் என்று 2008 ஜனவரி 16 அன்று தீர்ப்பளித்தது. இழப்பீடு 25,000 ரூபாய். கருப்பைக்கு அது விலையாகுமா என்பது வேறு கேள்வி.

சென்ற ஆண்டு தியாகதுருகத்திலிருந்து என் பெரியத்தாவை அறுவைக்காக ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. "போடுங்க பாய், மத்ததை டாக்டர் பார்த்துக்குவார்" என்றார்கள். போட்டேன். பெரியத்தா பக்கத்துக் கட்டிலில் விழித்துத்தான் இருந்தார். ஹதீஸ் நடத்தும் நானே அவரிடம் கேட்கவில்லை.

மறுநாள் காலை இளம் மருத்துவர் ஒருவர் வந்து, படிவத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா தெளிவாத்தானே இருக்கார்?" என்றார். கட்டிலருகே அமர்ந்து, தாளில் படம் வரைந்து, எங்கே அறுப்போம், எத்தனை நாள் வலிக்கும் என்று தமிழில் சொன்னார். பெரியத்தா இரண்டு கேள்விகள் கேட்டார். பிறகு, புதிய படிவத்தில் தாமே கையெழுத்திட்டார்.