பசி யாருடைய குற்றம்?

சிறு வயதில் எங்கள் தெருவில் ஒரு பையன் இருந்தான். நல்ல பருமன். கல்யாணப் பந்தியில் அவன் மறுபடியும் சோறு கேட்டால், பரிமாறுகிறவரோடு பக்கத்து இலைக்காரரும் சிரிப்பார். "சோற்று மூட்டை" என்று அவனுக்குப் பெயர். அவன் தகப்பனார் அதற்காகவே அவனை அடித்ததுண்டு. நானும் சிரித்தவன்தான். சில சுண்டெலிகளின் சரித்திரத்தைப் படித்த பிறகு, அந்தச் சிரிப்பு எனக்குக் கசந்துவிட்டது.

அமெரிக்காவில் மெயின் மாநிலத்தில் பார் ஹார்பர் என்றொரு கடற்கரை ஊர். அங்கேயுள்ள ஜாக்ஸன் ஆராய்ச்சிசாலையில் சுண்டெலிகளை வளர்த்துப் பரம்பரை ரகசியங்களை ஆராய்கிறார்கள். 1949-ம் வருஷம் சில குட்டிகள் மட்டும் பந்துபோல் உப்பின. அதே தீனிதான், உடன்பிறந்தவை ஒல்லியாகவே இருந்தன. பழுதான ஒரு ஜீன் தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் வந்து சேர்ந்த குட்டிகளே இப்படி ஆயின என்று கண்டார்கள். 1966-ல் இன்னொரு வகைப் பருத்த எலியைப் பற்றி அறிவித்தார்கள். இதற்குக் கடுமையான சர்க்கரை வியாதியும் இருந்தது.

அங்கே வேலை பார்த்த டக்ளஸ் கோல்மன் என்ற விஞ்ஞானி ஒரு விசித்திரமான காரியம் செய்தார். இரண்டு எலிகளை விலாவோடு விலாவாகச் சேர்த்துத் தைத்து, ஒன்றின் ரத்தம் மற்றதில் கலக்கும்படி செய்தார். சர்க்கரை வியாதி எலியோடு சேர்த்த சாதாரண எலி, தின்பதை நிறுத்திப் பட்டினியால் செத்தது. 1949-ன் வம்சத்துப் பருத்த எலியைச் சேர்த்தபோதும் அதே கதி. சர்க்கரை வியாதி எலியோ கொழுத்துக்கொண்டே இருந்தது.

கோல்மன் யோசித்தார். "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் ஓடுகிறது. ஒரு வகை எலிக்கு அந்தக் கடிதத்தை எழுதத் தெரியவில்லை; மற்றதற்கு வந்த கடிதத்தைப் படிக்கத் தெரியவில்லை. பலர் இதை நம்பவில்லை. பருமன் என்பது நடத்தைக் கோளாறு, மனக்கட்டுப்பாடு இல்லாததன் பலன் என்றே எண்ணியிருந்தார்கள்.

அந்தக் கடிதம் கடைசியில் 1994-ல் அகப்பட்டது. நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்து ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் அந்த ஜீனைக் கண்டுபிடித்தார்கள். அது உண்டாக்கும் ஹார்மோனைக் கொழுப்பே சுரக்கிறது! ஒல்லி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு லெப்டின் என்று பெயர் வைத்தார்கள்.

எலிக்குச் சரி, மனிதனுக்கு? 1997-ல் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் டாக்டர்கள் ஸ்டீபன் ஓராஹிலியும் ஸதஃப் ஃபரூகியும் அவர்கள் குழுவினரும், லெப்டின் அறவே இல்லாத இரண்டு குழந்தைகளைக் கண்டறிந்தார்கள். ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. எடை 86 கிலோ. எவ்வளவு தின்றாலும் பசி அடங்காது. பிற்பாடு தினந்தோறும் லெப்டின் ஊசி போட்டார்கள். ஒரே வருஷத்தில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தது. அந்தக் குழந்தைக்கு யாரும் புத்திமதி சொல்லித் திருத்தவில்லை. இல்லாத ஒரு பொருளைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இத்துடன் கதை சுபமாக முடிந்திருக்கலாம், முடியவில்லை. பருத்தவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் ஏராளமாகவே இருக்கிறது. மூளைதான் காது கொடுப்பதில்லை. ஊசியால் அவர்களுக்குப் பெரிய பயனில்லை. ஒற்றை ஜீனின் கோளாறு அபூர்வம். மற்றவர்களிடம் பல ஜீன்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் துலாத்தட்டைச் சாய்க்கின்றன. 2007-ல் தெரிய வந்த அத்தகைய ஒரு மாறுதல், இரு வழியிலும் பெற்றவருக்குச் சராசரியாக மூன்று கிலோவைத்தான் கூட்டுகிறது. மிச்சத்தை வீடும் கடைத்தெருவும் செய்யும் வேலையும் பார்த்துக்கொள்கின்றன.

ஆகவே பிறப்பே விதி என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். பருமனால் வரும் சர்க்கரை வியாதியும் பொய்யல்ல. ஆனால் ஒரே பந்தியில் உட்கார்ந்தாலும் எல்லோருக்கும் ஒரே பசி இல்லை. எங்கள் தெருப் பையனின் பசி எந்த வகையோ, இனித் தெரியப்போவதில்லை. அவன் இரண்டாம் தடவை சோறு கேட்டது குற்றமில்லை. நாங்கள் சிரித்ததுதான் குற்றம்.