புத்தூர் கட்டு

எலும்பு முறிவு, மூட்டு நழுவல், பிசகு ஆகியவற்றுக்குப் பச்சிலைச் சாறு, முட்டை வெள்ளைக்கரு, துணி, மூங்கில் தப்பை கொண்டு கட்டுப் போடும் வைத்திய முறை. திருத்தணியிலிருந்து நகரி வழியே திருப்பதி செல்லும் சாலையில் உள்ள ஆந்திரத்துப் புத்தூரால் இப்பெயர் பெற்றது. திருச்சிராப்பள்ளியில் உள்ள புத்தூருக்கும் இதற்கும் தொடர்பில்லை. மக்கள் ‘மாவுக்கட்டு’ என்பது ஆஸ்பத்திரியில் போடும் ஜிப்சக் கட்டை, அதுவும் வேறு.

திருத்தணியும் புத்தூரும் ஒரு காலத்தில் ஒரே சித்தூர் மாவட்டத்தில் இருந்தவை. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. கை ஒடிந்தவரைப் புத்தூருக்கு அழைத்துப் போகும் வழக்கத்தை அந்த எல்லைக்கோடு தடுக்கவில்லை.

தோற்றம்

புத்தூரை அடுத்த ராச்சபாளையத்து ராஜு குடும்பத்தாரிடம் இக்கலை வழிவழியாக இருந்து வருகிறது. வேட்டைக்குப் போன கேசவ ராஜு, இலையில் பொதிந்து வைத்த இறைச்சியின் எலும்பு ஒட்டியிருக்கக் கண்டு அந்தப் பச்சிலையை அறிந்தார் என்பது குடும்ப மரபு. ஆண்டு 1881 என்பர். உயிர் போன எலும்பு ஒட்டாது; ஆகவே இதை மரபுக்கதை என்றே கொள்ள வேண்டும். ஆனால் கட்டுப் போடும் அறிவு இந்நாட்டில் மிகப் பழமையானது.

சுஸ்ருதர் வகுத்த முறிவுகள்

பழைய ஆயுர்வேத அறுவை நூலான சுஸ்ருத சம்ஹிதையின் நிதான ஸ்தானம் என்னும் பகுதி, எலும்புக் காயத்தை மூட்டு நழுவல், எலும்பு முறிவு என இரண்டாகப் பிரித்து, முன்னதை 6 வகையாகவும் பின்னதை 12 வகையாகவும் விரிக்கிறது. பெயர்களே காயத்தைக் கண்முன் நிறுத்தும். ஒடிந்த துண்டு குதிரைக் காதுபோல் துருத்தி நின்றால் அசுவகர்ணம். நடுவில் முடிச்சுப்போல் புடைத்தால் நண்டின் பெயரால் கர்க்கடகம். தொட்டால் நறநறவென ஒலிக்கும்படி நொறுங்கியது சூர்ணிதம். துண்டு மஜ்ஜைக்குள் ஏறிவிட்டால் மஜ்ஜானுகதம். முற்றும் அற்றுத் தொங்குவது அதிபாதிதம். உடையாமல் வளைந்தது வக்ரம். சிறுபிள்ளைகளின் எலும்பு பச்சைக் குச்சிபோல் வளைவதை இன்றைய மருத்துவமும் தனி வகையாகவே வைத்திருக்கிறது. எக்ஸ்ரே இல்லாத காலத்தில் விரலாலும் காதாலும் மட்டுமே இத்தனையைப் பிரித்தறிந்தது பெரும் சாதனை. சூர்ணிதம், சின்னம் (ஒருபுறம் மட்டும் ஒட்டி நிற்பது), அதிபாதிதம், மஜ்ஜானுகதம் ஆகியவை எளிதில் ஆறா என்றும் நூல் எச்சரிக்கிறது.

தப்பைக்கு மூங்கிலையும் ஆல், அரசு, அத்தி, மருது முதலிய மரங்களின் பட்டையையும் சுஸ்ருதர் சொல்கிறார். கட்டைக் குளிர்காலத்தில் 7 நாளுக்கு ஒருமுறையும், மிதமான பருவத்தில் 5 நாளுக்கு ஒருமுறையும், கோடையில் 3 நாளுக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும். இளையோர்க்கு ஒரு மாதத்தில் கூடும் எலும்பு, நடுவயதினர்க்கு இரண்டு மாதமும் முதியோர்க்கு மூன்று மாதமும் எடுக்கும். தளர்ந்த கட்டு எலும்பை நிறுத்தாது. இறுகிய கட்டு வீக்கத்தையும் வலியையும் சீழையும் தரும். புத்தூர் மூங்கில் தப்பைக்கும் இம்மரபுக்கும் உள்ள ஒப்புமை வெளிப்படை.

இறுக்கத்தின் கேடு

ராச்சபாளையத்து மரபு சொல்லும் அதே 1881இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபோல்க்மன், இறுக்கிக் கட்டிய கையில் இரத்த ஓட்டம் தடைபட்டுத் தசை செத்துச் சுருங்குவதை விவரித்தார். அடிபட்ட தசை உள்ளே வீங்குகிறது. வெளியே கட்டு இடம் தருவதில்லை. சில மணி நேரத்தில் தசை மடிகிறது. விரல்கள் கொக்கிபோல் மடங்கி, பிறகு நிமிர்வதே இல்லை. கட்டுப் போட்டபின் விரலை நீட்டினால் பொறுக்க முடியாத வலி, மரத்துப்போதல், வெளிறிச் சில்லிடுதல் கண்டால் அந்த நிமிடமே கட்டை அவிழ்த்து மருத்துவமனைக்கு ஓட வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் கையே போகலாம். மாவுக்கட்டுக்கும் இது பொருந்தும்.

எலும்பு கூடும் விதம்

முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. அதன்மேல் குருத்தெலும்புப் பாலம் வளர்ந்து, வாரங்கள் போகப்போக எலும்பாகக் கெட்டிப்பட்டு, பின் மாதக்கணக்கில் பழைய வடிவம் பெறுகிறது. முட்டை வெள்ளைக்கரு எலும்பை ஒட்டுவதில்லை. துணியை விறைக்கச் செய்கிறது. நெப்போலியன் படையின் மருத்துவர் லாரேயும் கட்டை விறைக்க வெள்ளைக்கருவையே சேர்த்தார். 1852இல் டச்சுப் படை மருத்துவர் மதைசன் ஜிப்சக் கட்டை வெளியிட்ட பின்னரே அங்கே வெள்ளைக்கரு மெல்ல விலகியது. அசைவே கூடாது என்ற எண்ணமும் நிலைக்கவில்லை: முட்டியை அசையவிட்டுக் கால் முறிவை ஆற்றலாம் என 1967இல் எலும்பு மருத்துவர் சார்மியெண்டோ எழுதினார். சிறிதளவு அசைவு அந்தப் பாலத்தை வளர்க்கவே செய்யும். முதல் உலகப் போரில் தொடை முறிந்த வீரர்கள் பலரைக் காத்த தாமஸ் தப்பையைச் செய்த ஹியூ ஓவன் தாமஸும், புத்தூர் ராஜு குடும்பத்தைப் போன்ற ஒரு வேல்ஸ் நாட்டு எலும்பு வைத்தியர் குடும்பத்துப் பிள்ளைதான்.

இன்றைய நிலை

சென்னைத் தெருக்களில் ‘புத்தூர் கட்டு’ என்னும் பெயர் தாங்கிய பலகைகள் பல உள்ளன. தோல் கிழிந்து எலும்பு தெரியும் முறிவுக்கு அறுவை மருத்துவமே உரியது. அத்தகைய காலைக் காக்க முடியுமா என்று கணிக்கும் அளவுகோலைக் கோவை கங்கா மருத்துவமனை 2006இல் வெளியிட்டது.