பல்லா, மூட்டா? கடைவாய் வலியைப் பிரித்தறிந்த வரலாறு

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1926இல் பல் மருத்துவர்களுக்கான ஒரு பெரிய புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் அவ்வூர்ப் பல் அறுவை நிபுணர் ஜார்ஜ் வின்டர். கீழ்த்தாடையின் கோடியில் எலும்புக்குள் சிக்கிக்கொண்ட ஞானப்பல்லை எப்படி எடுப்பது என்பதே அதன் பொருள். எட்டு ஆண்டுகள் கழித்து, 1934இல், அதே நகரின் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் ஒரு கட்டுரை எழுதினார். காதடைப்பு, காதிரைச்சல், தலைசுற்றல், தலைவலி என்று தன்னிடம் வந்த 11 பேரின் தொல்லைக்கு வேர் தாடை மூட்டில் இருக்கிறது என்று அதில் வாதிட்டார்.

ஒருவர் கை பல்லைத் தொட்டது. மற்றவர் கை காதுக்கு முன்னால் உள்ள மூட்டைத் தொட்டது. இரண்டுக்கும் நடுவே சில விரற்கடை தூரம்தான். வலியால் துடிப்பவருக்கோ அந்தத் தூரம்கூடத் தெரியாது. காதுக்கும் தாடைக் கோணத்துக்கும் நடுவே எங்கோ விண்விண்ணென்று தெறிக்கும். வாயை அகலத் திறக்க முடியாது. மெல்லும்போது வலி கூடும். பல்லில் பிறந்த வலியும் இப்படித்தான் இருக்கும், மூட்டில் பிறந்த வலியும் இப்படித்தான் இருக்கும்.

காரணம் நரம்பின் அமைப்பில் இருக்கிறது. முகத்தின் உணர்வைச் சுமக்கும் முப்பிரிவு நரம்பின் மூன்றாவது கிளை கீழ்த்தாடைக்கு உரியது. கீழ்ப்பற்களுக்குப் போகும் நரம்பும் அதிலிருந்து பிரிகிறது. தாடை மூட்டுக்கும் காதின் முன்புறத்துக்கும் பொட்டுக்கும் போகும் நரம்பும், மெல்லும் தசைகளுக்குப் போகும் நரம்புகளும் அதிலிருந்தே பிரிகின்றன. பல வயல்களின் வடிநீர் ஒரே வாய்க்காலில் சேர்ந்துவிட்டால் எந்த வயலின் நீர் எது என்று கடைமடையில் சொல்ல முடியாது. மூளைக்கும் இங்கே அதே சிக்கல்தான். ஞானப்பல்லைச் சுற்றிய ஈறு புண்ணானால் காது வலிப்பதும், கன்னத் தசை இறுகினால் பல் வலிப்பதும் இதனால்தான்.

மூட்டைப் பற்றியும் பல்லைப் பற்றியும் மனிதர்களுக்குத் தனித்தனியாக வெகுகாலமாகத் தெரியும். பொ.ஆ.மு. 1600 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தியப் பாப்பிரஸ் சுருள் ஒன்று, இடம் பெயர்ந்த கீழ்த்தாடையை மீண்டும் பொருத்தும் முறையைச் சொல்கிறது. பெருவிரல்களை வாய்க்குள் விட்டு, மற்ற விரல்களைத் தாடைக்குக் கீழே கொடுத்துத் தள்ள வேண்டும். அடிப்படையில் அதே முறை இன்றும் கையாளப்படுகிறது. பற்களில் கடைசியானது இருபது வயதை ஒட்டி முளைக்கிறது என்றும், சிலருக்கு முதுமையில்கூட வலியோடு முளைக்கிறது என்றும் அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார்.

ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வதால் வரும் கேட்டைத் தெளிவாகப் பதிவு செய்தவர்களில் ஒருவர் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர். 1778இல் வெளியான பல் நோய் நூலில், ஞானப்பல் முளைக்கும்போது வரும் வலி விட்டு விட்டு வருவதால் அதை முறைக்காய்ச்சலின் வலி என்று எண்ணிச் சின்கோனா பட்டை கொடுப்பதையும், அதனால் பயன் இல்லாமல் போவதையும் அவர் எழுதினார். பல் வெளியே தலைகாட்டிய பிறகுதான் காரணம் புரியும். மூட்டின் பக்கம், 1887இல் எடின்பரோவின் தாமஸ் அனண்டேல் தாடை மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு விலகிப் போவதைக் கண்டு, அதை இழுத்துத் தைத்த அறுவையை வெளியிட்டார்.

பிறகு எக்ஸ்ரே வந்தது. 1895 நவம்பரில் இயற்பியல் அறிஞர் ரோன்ட்கன் அதைக் கண்டறிந்த சில வாரங்களிலேயே, ஜெர்மனியில் பல் மருத்துவர் ஓட்டோ வால்க்ஹாஃப் 25 நிமிடம் அசையாமல் இருந்து தன் பற்களையே படம் எடுத்துக்கொண்டார். எலும்புக்குள் புதைந்த பல் முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. வின்டரின் புத்தகம் இந்தப் படத்தின் பிள்ளை. பல் முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா, பின்பக்கமா, படுத்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா என்று அவர் பிரித்த வகைகளைப் பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். பின்லாந்தின் இர்யோ பாட்டெரோ உருவாக்கிய முறையால் இரு தாடைகளும் ஒரே படத்தில் விழத் தொடங்கியபோது ஞானப்பல்லைப் பார்ப்பது இன்னும் எளிதாயிற்று.

இந்தப் பெரும் உதவியோடு ஒரு பிசகும் சேர்ந்து வந்தது. சாய்ந்து கிடக்கும் பல் படத்தில் பளிச்சென்று தெரியும். இறுகிய தசை தெரியாது, வலியும் தெரியாது. வலியோடு வந்தவரின் படத்தில் கோணல் பல் ஒன்று இருந்தால் பழியை அதன்மேல் போடுவது எளிது. எந்தத் தொல்லையும் தராமல் கிடக்கும் ஞானப்பற்கள் ஏராளம் என்பது அங்கே மறந்துபோகிறது.

காஸ்டன் தந்த விளக்கமும் நெடுநாள் நிற்கவில்லை. கடைவாய்ப் பற்கள் விழுந்துவிட்டால் கீழ்த்தாடை அளவுக்கு மேல் மூடுகிறது, அப்போது அதன் மூட்டுக் குமிழ் பின்னால் நகர்ந்து நரம்புகளையும் காதுக்குழாயையும் அழுத்துகிறது என்றார் அவர். கடியின் உயரத்தைக் கூட்டுவதே அவருடைய சிகிச்சை. வியன்னாவிலிருந்து வெளியேறிச் சிகாகோவில் குடியேறிய உடற்கூற்று அறிஞர் ஹாரி சிக்கர், எலும்பின் அமைப்பு அப்படிப்பட்ட அழுத்தத்துக்கு இடம் தராது என்று 1948இல் எடுத்துக்காட்டினார். காஸ்டனின் காரணம் விழுந்தது. ஆனால் காதுவலி என்று வருபவரின் தாடையையும் பார்க்க வேண்டும் என்று அவர் கற்பித்த பழக்கம் நிலைத்தது.

விடையின் பெரும்பகுதி தசையில் இருந்தது. லண்டனில் ஜோனஸ் கெல்கிரன் அடர் உப்புநீரைத் தசைகளில் ஊசியால் செலுத்தி, வலி எங்கெங்கே பரவுகிறது என்று குறித்து 1938இல் வெளியிட்டார். கன்னத்தின் மெல்லும் தசையில் ஏற்றிய உப்புநீர் பல்வலியை உண்டாக்கியது. பல்லில் ஒரு குறையும் இல்லாமலே பல் வலிக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லாஸ்லோ ஷ்வார்ட்ஸ், வலியால் தாடை இறுகியவர்களின் கன்னத்தில் குளிரூட்டும் எத்தில் குளோரைடைத் தெளித்தபோது பலருக்கு வாய் எளிதாகத் திறந்தது. 1950களில் அவர் எழுதியவையும், 1969இல் டேனியல் லாஸ்கின் எழுதிய கட்டுரையும், மூட்டு வலி எனப்படுவதில் பெரும்பங்கு தசை வலியே என்றும், பல்லைக் கடிப்பதும் மன அழுத்தமும் அதற்குத் துணைபோகின்றன என்றும் நிறுவின.

இந்தப் பாடத்தை விட்டு விலகியபோது நோயாளிகள் பெரும் விலை கொடுத்தார்கள். 1980களில் அமெரிக்காவில் மூட்டின் தட்டை எடுத்துவிட்டு டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டைப் பொருத்தும் அறுவை பரவியது. மெல்லும் விசையில் அது துகள் துகளாக உதிர, உடல் அந்தத் துகள்களை எதிர்த்து வினையாற்றியது. மூட்டின் எலும்பு அரிக்கப்பட்டது. 1990இல் அரசு அதைச் சந்தையிலிருந்து அகற்றியது. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டிருந்தனர். 1996இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய மாநாடு, மாற்ற முடியாத சிகிச்சைகளுக்கு முன் எளிய வழிகளையே நாட வேண்டும் என்றது. பல்லின் தரப்பிலும் இப்படியொரு நிதானம் வந்தது: நோயற்ற ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாகப் பிடுங்குவதை நிறுத்த வேண்டும் என்று 2000இல் பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு அறிவுறுத்தியது.

இவ்வளவு காலம் சேர்ந்த அறிவு இன்று ஒரு பரிசோதனை நாற்காலியில் சில நிமிடங்களில் பயன்படுகிறது. ஞானப்பல் பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும். பாதி முளைத்த பல்லை மூடிய ஈறுமடிப்பில் உணவு சிக்கிப் புண்ணானால் அங்கே சிவப்பும் வீக்கமும் தெரியும். சீழ், கெட்ட வாடை, விழுங்கும்போது வலி, தாடைக்குக் கீழே நெறிக்கட்டு, சில நேரம் காய்ச்சலும் வரும். மூட்டு, தசை வலியில் ஈறு நன்றாகவே இருக்கும். காதுக்கு முன்னால் அழுத்தினால் வலிக்கும், வாயைத் திறக்கும்போது கடக் என்று ஒலிக்கும், தாடை ஒரு பக்கம் கோணும். இரவில் பல்லைக் கடிப்பவருக்குக் காலையில் தாடை விறைத்திருக்கும். ஐயம் தீராவிட்டால் மருத்துவர் பல்லை மட்டும் மரத்துப்போகச் செய்து பார்ப்பார்; வலி அப்படியே இருந்தால் அதன் பிறப்பிடம் வேறு.

தாடை மூட்டு, தசை வலியைக் கண்டறிய 2014இல் வெளியான பன்னாட்டு நெறிமுறை ஒரு கேள்வியை மையமாக வைத்தது. மருத்துவர் கன்னத் தசையைச் சுமார் ஒரு கிலோ விசையில் அழுத்திவிட்டு, வழக்கமாக வரும் வலி இதுதானா என்று கேட்க வேண்டும். அழுத்தினால் வலிக்கிறது என்பது மட்டும் போதாது. அது நோயாளிக்குப் பழகிய அதே வலியாக இருக்க வேண்டும். இரண்டு நோயும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு. ஞானப்பல்லை எடுக்க நெடுநேரம் வாயைத் திறந்து வைத்திருந்ததால் மூட்டு வலி தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். அதனால் பல்லை எடுத்த பிறகும் வலி தொடர்ந்தால், அடுத்த பல்லின்மேல் கை வைக்கும் முன் மூட்டையும் தசையையும் சோதித்துப் பார்ப்பது இன்றைய முறை.