ஓமக்குளத்துப் பள்ளி

ஆதனூர் நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே தில்லைக் கோயிலுள் புகுந்தார் என்பது சேக்கிழார் வாக்கு. அத்தீ மூண்ட இடமென ஊரார் காட்டுவது சிதம்பரம் ஓமக்குளம்.

1910-ஆம் ஆண்டு இளந்துறவி ஒருவர் அவ்வூருக்கு வந்து சேர்ந்தார். ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் பிறந்த முனுசாமி அவர். திண்டிவனத்தில் கிறித்தவப் பள்ளியில் பயின்று, வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளிடம் வேதாந்தம் கேட்டுச் சகஜானந்தர் ஆனவர். தாழ்த்தப்பட்டோர் குலத்தில் தோன்றியவர். அந்நாளில் தில்லைக் கோயிலின் வாயில் அவருக்கும் அடைத்தே கிடந்தது.

மடத்தோடும் பூசையோடும் அவர் நின்றுவிடவில்லை. 1916-இல் தம் மக்களின் பிள்ளைகளுக்கெனப் பள்ளி கண்டார்; அதற்கு நந்தனார் பெயரையே சூட்டினார். ஓமக்குளத்தை ஒட்டியே அப்பள்ளி வளர்ந்தது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனைகளைக் கேட்டு நாடே நந்தனாருக்காக உருகியது உண்மைதான். (உருகியவர் எத்தனைபேர் தம் வீட்டுத் திண்ணையில் அவர் குலத்தாரை அமரவிட்டனர் என்பது வேறு செய்தி.) சகஜானந்தரோ உருக்கத்தை வேண்டவில்லை, பலகையும் ஏடும் விடுதிச் சோறும் வேண்டினார். தீயால் தூய்மை பெற வேண்டியவர் என்று கதை யாரைக் காட்டிற்றோ, அவர் பெயரைச் சொல்லியே பிள்ளைகள் அரிச்சுவடி தொட்டனர்.

சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947-இல். அப்போது அப்பள்ளிக்கு வயது முப்பத்தொன்று. சிதம்பரத்தின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தபோதே, 1959 மே முதல் நாள் சுவாமிகள் மறைந்தார்.