வீடே முதற்பள்ளி: புதுவை கண்ட இரட்டை விண்மீன்

விசுவாசமும் விஞ்ஞானமும் பகையல்ல என்பதற்கு நம் புதுவை மண்ணே சாட்சி. 1688-ல் சயாம் தேசத்தில் ஆட்சி மாறியபின், அங்கிருந்த பிரெஞ்சு சேசுசபைக் குருவாகிய ழான் ரிஷோ சுவாமி புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். 1689 டிசம்பரில் வால்நட்சத்திரம் ஒன்றைத் தொலைநோக்கியால் ஆராய்கையில், தென்வானில் ஒளிரும் ஆல்ஃபா சென்டாரி ஒரு விண்மீன் அல்ல, இரண்டு எனக் கண்டார். தொலைநோக்கி கொண்டு இந்தியாவில் நிகழ்ந்த முதல் வானியல் கண்டுபிடிப்பாக இதனைக் கூறுவர். அவ்விரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆகும் எனப் பிற்காலத்தார் கணித்தனர்.

பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. ஞானோபதேசத்துக்கு மட்டுமன்றி அறிவியலுக்கும் இது பொருந்தும். மே மாதத்தில் இரவு 10 மணியளவில் பிள்ளைகளை மாடிக்கோ சுண்ணாம்பாற்றங்கரைக்கோ அழைத்துச் செல்லுங்கள். தெற்கே, அடிவானத்துக்குச் சற்று மேலே, சிலுவை வடிவில் நான்கு விண்மீன்கள் தெரியும். அதற்கு இடப்புறம் இரு பெருஞ்சுடர்கள். சிலுவைக்கு எட்ட உள்ளதே ரிஷோ சுவாமி கண்டது.

வெறுங்கண்ணுக்கு அது ஒன்றாகவே தோன்றும். "இரண்டென்று சுவாமிக்கு எப்படித் தெரிந்தது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அக்கேள்வியை அதட்டி அடக்காதீர்கள். உடனிருந்து விடை தேடுங்கள். படைப்பை அறிய அறியப் படைத்தவர்மேல் பக்தி பெருகுமேயன்றிக் குறையாது.